முன்னாடி ஒரு தட்டு

தம்பி, போன்ல வெளையாடறீங்களே, அது சண்டை வெளையாட்டுத்தானுங்களே? சும்மா எட்டிப் பாத்தேன், தப்பா எடுத்துக்காதீங்க. வெளையாடுங்க, வெளையாடுங்க. காந்திபுரத்துல ஏறுனதுல இருந்து பாத்துட்டுத்தான் வர்றேன், நீங்க நல்லாத் தடுக்கறீங்க. அந்தத் தாடிக்காரன் நெருப்பை உருட்டி உருட்டி எறியறான், ஒண்ணுகூட மேல வாங்கல நீங்க. அதான் கேக்கலாம்னு. உங்களாட்டத் தெரிஞ்ச ஆளு ஒருத்தரைத் தேடிட்டு இருக்கறேனுங்க, ஒரு வாரமா.

நெத்தியில கட்டுங்களா? வண்டியில இருந்து உழுந்துட்டேன்.

இல்லீங்க, பொய். பட்டறையில எல்லார்த்துகிட்டயும் அப்பிடித்தான் சொல்லி வெச்சிருக்கறேன். உங்களுக்கு என்னைத் தெரியாது, சூலூர்ல எறங்கிட்டா அப்பறம் நீங்க யாரோ நான் யாரோ, உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. கொழம்புக் கரண்டி பட்டதுங்க. மூணு தையல். எறிஞ்சது நாந்தான். எறிஞ்சதும் நான், திரும்பி வந்து பட்டதும் என்ற நெத்தியில. வெளிய சொன்னா சிரிப்பாங்க. நீங்க சிரிக்கமாட்டீங்க, ஏன்னா உங்க போன்லயும் இதேதான் நடக்குது.

என்ற பேரு நாச்சிமுத்துங்க. கணபதியில ஒரு பட்டறையில லேத் ஓட்டறேன். இருபத்தாறு வருசம் ஒரே மெஷின். எனக்குக் குடி இல்ல, பீடி இல்ல, சீட்டு இல்ல. ஒரே ஒரு பழக்கம், கோவம் வந்தாக் கையில இருக்கறது பறந்துரும். டம்ளரு, சொம்பு, டிவி ரிமோட்டு, ஒருக்கா இட்லிக் குண்டா மூடி. ஆனா கேட்டுக்குங்க, கல்யாணமாகி இருபத்திரண்டு வருசத்துல கலாமணி மேல, அதான் என்ற சம்சாரம், ஒருநாளும் கை வெச்சதில்லை. ஒருநாளும். எங்க லைன் வீட்டுலயே பொண்டாட்டிய அடிக்காதவன் நான் ஒருத்தன்தான், வேணும்னா வந்து விசாரிச்சுப் பாருங்க. எறிவேன், அவ்வளவுதான். அதுவும் மேல படற மாதிரி எறியறதில்ல. பக்கத்துல, சொவுத்துல, காதுக்கு ஒரு சாண் தள்ளி. லேத்துக்காரன் கண்ணுங்க இது, நூல் புடிச்சாப்பல போகும்.

போன வருசம் அவ புருவத்துல பட்டதுன்னா அவ நகந்ததுனால. அசையாம நின்னிருந்தா சொவுத்துலதான் பட்டிருக்கும். அன்னைக்கே சொன்னேன், ஏம்புள்ள, நகராதேன்னு உனக்கு எத்தன தடவ சொல்றதுன்னு. அதுவும் மூணு தையல்தான். டாக்டர் கேட்டதுக்கு, பாத்ரூம்ல வழுக்கிருச்சுன்னு அவளே சொல்லிட்டா. நான் சொல்லச் சொல்லலீங்க. பக்கத்துல நின்னேன், அவ்வளவுதான்.

ஒரே பொண்ணு எங்களுக்கு, கட்டிக் குடுத்து ஓசூர்ல இருக்குது. தீவாளிக்குக்கூட வர்றதில்ல. மாப்பிள்ளைக்கு லீவு கெடைக்கறதில்லையாம்.

இவளை வேலைக்குச் சேத்துவிட்டதும் நாந்தானுங்க. அவ தெச்சுட்டு இருந்த பனியன் கம்பெனிய மூடிட்டாங்க. ஊட்டுல உக்காந்து மொட்டு மொட்டுன்னு பாத்துட்டு இருந்தா. எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் மாலுல செக்யூரிட்டி, அவர்கிட்டச் சொல்லி வெச்சு, மேல் மாடியில மெஷினெல்லாம் வெச்சு வெளையாட்டுக் கடை இருக்குதுல்லீங்க, அங்க வாங்கிக் குடுத்தேன். வைகாசியில சேந்தா. பத்தரை மணிக்குக் கடை தொறப்பாங்க. இவ ஒன்பதரைக்கே போயி எல்லா மெஷினையும் போட்டு, பட்டனு வேலை செய்யுதா, புடிச்சு ஆட்டற குச்சி நாலாப் பக்கமும் போகுதான்னு பாக்கோணும். கார் மெஷின்ல கார் ஓட்டிப் பாக்கோணும், துப்பாக்கி மெஷின்ல சுட்டுப் பாக்கோணும். சண்டை மெஷின்ல சண்டை போட்டுப் பாக்கோணும். தெனமும் ஒவ்வொண்ணுலயும் அஞ்சு நிமிசம். இதைச் சொல்லி நானும் அவளும் நெம்பச் சிரிச்சோமுங்க. நாப்பத்தஞ்சு வயசுல வெளையாடப் போறயா புள்ளேன்னு கேட்டேன்.

சிரிச்சிருக்கக் கூடாது.

ஆடி மாசம் ஒருநாள் மத்தியானம். ரசத்துல உப்பு இல்லையா, எச்சா இருந்துச்சா, அதெல்லாம் இப்ப ஞாபகம் இல்ல. டம்ளர எடுத்தேன், எறிஞ்சேன். எப்பவும் அவ என்ன பண்ணுவான்னா, ரெண்டு கையாலயும் தலையப் புடிச்சுட்டுக் குனிஞ்சுக்குவா. அப்பறம் அழுவா. அப்பறம் நான் வெளிய போயி ஒரு டீ குடிச்சுட்டு வருவேன், சரியாப் போயிரும். அன்னைக்கு அவ குனியலீங்க. மொறத்துல அரிசி பொடைச்சுட்டு இருந்தவ, மொறத்தை அப்பிடியே மூஞ்சிக்கு நேராப் புடிச்சு ஒரே ஒரு அடி பின்னாடி வெச்சா. டம்ளர் மொறத்துல பட்டுக் கீழ உழுந்துச்சு. டங்குன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அழுகை இல்ல, ஒண்ணும் இல்ல. செதறுன அரிசியக் கூட்டி அள்ளுனா.

இதுல பயப்பட என்ன இருக்குதும்பீங்க. சொல்றேன். மொறத்துக்கு மேல அவ கண்ணு தெரிஞ்சுது. அந்தக் கண்ணு என்ற மூஞ்சியப் பாக்கலீங்க. என்ற கையப் பாத்துச்சு. இருபத்திரண்டு வருசமா நான் எறிவேன், அவ என்ற மூஞ்சியத்தான் பாப்பா. கோவம் அடங்கிருச்சா, இன்னும் இருக்குதான்னு பாப்பா. ஒரு பொம்பளை ஆம்பளையோட மூஞ்சிய உட்டுட்டுக் கையப் பாக்க ஆரம்பிச்சா அது நல்லதுக்கில்லீங்க. அன்னைக்கு டீக்குக்கூடப் போகல.

அப்பறம் எதை எறிஞ்சாலும் தடுத்தா. தட்டு, மூடி, தலகாணி, ஒருக்கா காலண்டரைக் கழட்டித் தடுத்தா. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு அடி பின்னாடி. எனக்கானா ராங்கி புடிச்ச மாதிரி ஆயிருச்சு. முன்னயெல்லாம் வாரத்துக்கு ஒருக்கா எறிஞ்சவன், இவ தடுக்கறாளேன்னு தெனமும் எறிய ஆரம்பிச்சுட்டேன். இதுல என்ற தப்பு என்னங்க இருக்குது.

பட்டறைக்கு லீவு உட்ட ஒருநாள், என்னதான் பண்றான்னு பாக்கலாம்னு மாலுக்கே போயிட்டேன். கலாமணி ஒரு பொறந்தநாள் கூட்டத்துக்குத் தொப்பி மாட்டி உட்டுட்டு இருந்தா. அங்க சூப்பர்வைசர் ஒரு புள்ள, ஜெசிந்தான்னு பேரு. அக்கா ஊட்டுக்காரருங்களான்னு கேட்டு, நெம்ப மருவாதியாத்தான் பேசுச்சு. சண்டை மெஷின்ல உக்காருங்கன்னு சொல்லிச்சு. எறிஞ்சா எப்பிடிம்மா தடுக்கறதுன்னு கேட்டேன். ஒண்ணுமில்லீங்க, எதிராளி எறியறப்பக் குச்சியப் பின்னாடி இழுத்துப் புடிச்சாப் போதும், ஆளு தானாக் கையக் குறுக்க வெச்சுத் தடுத்துக்குவான்னு சொல்லிச்சு.

சரின்னு பின்னாடி இழுத்தேனுங்க. நமக்குப் பின்னாடின்னா என்ன, நம்ம வகுத்தைப் பாத்து இழுக்கறதுதானே. லேத்துல லீவரை அப்பிடித்தானே இழுப்போம். நான் இழுக்க இழுக்க என்ற ஆளு உக்காந்துக்கறான். நெருப்பு வருது, இவன் குத்த வெச்சு உக்காந்து மூஞ்சியில வாங்கறான். எந்திரிக்கறான், மறுக்கா உக்காந்து வாங்கறான். சுத்தி நின்னவங்க சிரிக்கறாங்க. அப்பறந்தான் அந்தப் புள்ள சொல்லுச்சு, உங்களுக்குப் பின்னாடி இல்லீங்க, அந்த ஆளுக்குப் பின்னாடின்னு. எதிராளி எந்தப் பக்கம் நிக்கறானோ அதுக்கு எதிர்ப் பக்கமாத் தள்ளோணும். அவன் நம்மளத் தாண்டிக் குதிச்சு அக்கட்டால போயிட்டா, பின்னாடிங்கறதும் மாறிப் போயிரும். எப்பவும் அவனை வெச்சுத்தான் கணக்கு. நமக்குன்னு தனியாப் பின்னாடி கெடையாதுன்னு சொல்லிச்சு.

ஒருவழியாத் தடுக்கக் கத்துக்கிட்டேன். அப்ப மேல பாத்தா, நம்ம உசுருன்னு ஒரு கோடு போட்டிருக்குதுல்லீங்க, அது கொறையுது. நெருப்பைத் தடுத்துட்டேன், ஆனாலும் ஒரு நூலு கொறையுது. என்னம்மா இது, மெஷின் ரிப்பேருன்னேன். இல்லீங்க, அப்பிடித்தான், தடுத்தாலும் கொஞ்சம் கொறையத்தான் செய்யும்னு சொல்லிச்சு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு நூலு. அதுமில்லாம, தடுக்கத் தடுக்க ஆளு பின்னாடி நகந்துட்டே போறான். கடசியில மூலையில போயி முட்டிக்கறான். அதுக்கு மேல போறதுக்கு எடம் இல்ல. எனக்கு ஆத்தரமா வந்துச்சு. தடுத்ததுக்கு அப்பறமும் எதுக்குங்க உசுரு கொறையோணும்? இதென்ன நாயம்? ஒருத்தன் தள்ளி நின்னு எறிஞ்சுட்டே இருக்கறான், இவன் பாவம் ஒண்ணுமே பண்ணல, தடுத்துட்டு மட்டும் நிக்கறான், இவன் செத்துப் போவானா? அந்தப் புள்ளகிட்ட இதைக் கேட்டேனுங்க. அது என்னையே பாத்துச்சு. ஆமாங்க, தடுத்துட்டே இருந்தாச் செத்துத்தான் போவாங்கன்னு சொல்லிச்சு.

அப்ப என்னதான் பண்றதுன்னேன். அதுக்குள்ள கலாமணி வந்துட்டா. எதிர்ப் பக்கத்துக் குச்சிய அவ புடிச்சா. ஜெசிந்தா, அக்கா, காட்டுங்கன்னு சொல்லிச்சு.

என்ற ஆளும் நெருப்பு எறிவானாம், எப்பிடின்னு சொல்லிக் குடுத்தாங்க. அது எனக்குச் சட்டுனு வந்துருச்சு. எறிஞ்சேன். அவ தடுத்தா. எறிஞ்சேன், தடுத்தா. மூலைக்குப் போயிட்டா. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு, பொய் சொல்லக் கூடாது. கடசியா ஒண்ணு எறிஞ்சேன். அவ குச்சியப் பின்னாடி தள்ளலீங்க. முன்னாடி, நெருப்பைப் பாத்து, ஒரே ஒரு தட்டு. பளிச்சுனு ஒரு வெளிச்சம். நெருப்பு அப்பிடியே திரும்பி என்ற ஆளு மேல வந்து அவன் உழுந்துட்டான். அவ கோடு ஒரு நூலுகூடக் கொறையல.

முன்னாடியா, நெருப்புக்குள்ளயான்னு கேட்டேன். முன்னாடிதானுங்கன்னு ஜெசிந்தா சொல்லிச்சு. சரியா வந்து படற நேரத்துல தட்டோணும், சீக்கிரம் தட்டுனாலும் அடி, நேரங்கழிச்சுத் தட்டுனாலும் அடி. எப்பிடிம்மா தெரியும் நேரம்னேன். எறியறவன் கையப் பாத்துட்டே இருக்கோணும், கை பின்னாடி போறப்பவே என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சுரும், மூஞ்சியப் பாத்தா ஏமாந்துருவோம்னு சொல்லிச்சு. அக்கா இதுக்கு மூணு மாசம் தெனமும் பழகுனாங்க, மொதல்ல நெருப்பு வந்தாலே குச்சிய உட்டுட்டுக் கண்ண மூடிக்குவாங்கன்னு சொல்லிச்சு. கலாமணி துணி எடுத்து அந்த மெஷினைத் தொடைச்சா.

அப்பறந்தான் ஞாயித்துக்கெழம. வெயில் நேரம். அவ வடச்சட்டியில தாளிச்சுட்டு இருந்தா, நான் பக்கத்துல நின்னு ஏதோ கேட்டேன், அவ பதில் சொல்லல. கொழம்புக் கரண்டி கைக்கு வந்துச்சு. கையப் பின்னாடி கொண்டு போனேன். அவ வடச்சட்டி மூடிய எடுத்தா. நான் மனசுக்குள்ள நெனைக்கறேன், பின்னாடி ஒரு அடி வெப்பா, பின்னாடி அடுப்பு மேடை, அதுக்கு மேல எடம் இல்லன்னு. எறிஞ்சேன். அவ முன்னாடி வந்தாளுங்க தம்பி. என்னைப் பாத்து. ஒரே ஒரு அடி. மூடிய வெச்சு ஒரு தட்டு.

அப்பறம் கண்ணுல ரத்தம். துணி கொண்டாந்து அழுத்திப் புடிச்சா, ஆட்டோ கூப்புட்டா, எல்லாம் பண்ணுனா. டாக்டர் எப்பிடியாச்சுன்னு கேட்டாரு. வண்டியில இருந்து உழுந்துட்டேன்னேன். கலாமணி பக்கத்துல நின்னா, அவ்வளவுதான். ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லலீங்க. கூட வந்தவளுக்கு அவ்வளவு கல்லு மனசு ஆகுமா?

அன்னையில இருந்து நான் ஒண்ணையும் எறியல. எறிய முடியல. ஊட்டுல இருக்கவே பயமா இருக்குதுங்க. காலையில சோத்துக்கு உக்காந்து, தண்ணி குடிக்க டம்ளர எடுக்கறேன். குடிக்கறதுக்குத்தானுங்க. அவ கண்ணு கைக்கு வந்துருது. அவ கால் லேசா முன்னாடி வருது. நான் டம்ளரக் கீழ வெச்சுடறேன். ஒரு வாரமா ஊட்டுல தண்ணி தாகத்துக்குக் குடிச்சதில்ல, நம்புங்க. அவ அடுப்படியில கரண்டிய நகத்துனா நான் வாசலுக்கு வந்துடறேன். அவ மூஞ்சியப் பாத்து மனசு எப்பிடி இருக்குதுன்னு தெரிஞ்சுக்கப் பாக்கறேன், ஒண்ணும் தெரிய மாட்டேங்குது. எந்த நேரத்துல என்ன வருமோன்னு நம்ம ஊட்டுக்குள்ளயே பயந்து பயந்து இருக்கறது எவ்வளவு கொடுமைன்னு உங்களுக்குத் தெரியாது தம்பி. எதிரிக்குக்கூட அந்த நெலம வரக் கூடாது. இவளுக்கு அது எங்க புரியப் போகுது.

அதனாலதான் இன்னைக்குக் காலையில கேட்டுட்டேன். அவ அரிசி களைஞ்சுட்டு இருந்தா. நான் கதவுகிட்டயே நின்னுக்கிட்டேன்.

“ஏம்புள்ள, அந்த வெளையாட்டுல தடுக்கவே முடியாததுன்னு ஒண்ணும் இல்லையா?”

“இருக்குதுங்க,”ன்னா. “எறியறதையெல்லாம் தடுத்துக்கலாம். கிட்ட வந்து கையில புடிச்சா அதை மட்டும் தடுக்க முடியாதுங்க.”

எனக்கு உசுரு திரும்பி வந்தாப்பல இருந்துச்சு. புடிக்கப் போறேன்னு இல்லீங்க, அப்பிடி எடுத்துக்காதீங்க. நாந்தான் சொன்னேனே, ஒருநாளும் கை வெச்சதில்லைன்னு. சும்மா, அப்பிடி ஒரு வழி இருக்குதேன்னு ஒரு நிம்மதி. ஆனா பாருங்க, கதவுகிட்ட நின்னவன் அடுப்படிக்கு நடுவுல நிக்கறேன். எப்ப நடந்தேன், எதுக்கு நடந்தேன்னு எனக்கே தெரீல. கையும் கொஞ்சம் நீண்டாப்பல இருந்துச்சு.

அவ அரிசித் தண்ணிய ஊத்திட்டுத் திரும்புனா. என்ற கையப் பாத்தா. அப்பறம் எத்தனையோ நாளைக்கு அப்பறம் என்ற மூஞ்சியப் பாத்தா.

“அதுக்கும் ஒண்ணு இருக்குதுங்க,”ன்னா. “அவன் புடிக்கற அதே நேரத்துல நாமளும் புடிக்கோணும். அப்ப ஆருக்கும் அடி இல்ல. பிரிஞ்சுருவோம்.”

பிரிஞ்சுருவோம்னா என்னன்னு கேட்டேன். ஆளுக்கொரு பக்கமாப் போயி நிப்போமுங்கன்னு சொல்லிட்டு சோத்தை வெக்கப் போயிட்டா.

வெளையாட்டுலதான் சொல்லியிருக்கறா. வெளையாட்டைப் பத்தித்தானே நான் கேட்டேன். ஆனா லேத்து முன்னாடி நின்னா அந்த வார்த்தையே காதுல கேக்குது. ரெண்டு பீஸு கெட்டுப் போச்சு. பன்னண்டு மணிக்கு அவளுக்குப் போன் போட்டேன், எடுக்கல. மறுக்கா மறுக்காப் போட்டேன். அப்பறம் அணைச்சு வெச்சிருக்கறதாச் சொல்லுது. வெளையாட்டுக் கடைக்குப் போட்டேன். ஜெசிந்தாதான் எடுத்துச்சு. அக்கா இன்னைக்கு வரலீங்கன்னு சொல்லிச்சு. நாளைக்கு வருவாளான்னு கேட்டேன். நல்லா இருங்கன்னு சொல்லிட்டு வெச்சுருச்சு. சாயங்காலம் ஓசூருக்கும் போட்டேன். பொண்ணு எடுத்துச்சு. அம்மாகிட்டப் பேசுனயா கண்ணுன்னு கேட்டேன். ஏம்ப்பான்னு ஒரே வார்த்தை கேட்டுச்சு. பின்னாடி குக்கர் சத்தமும் ஆரோ பேசற சத்தமும் கேட்டுச்சு. நான் கட் பண்ணிட்டேன். யாரு பேசறாங்கன்னு கேட்டிருக்கலாம். கேக்கலீங்க.

இப்ப உங்களைக் கேக்கோணும்னு இருக்கறது இதுதான். அந்த வெளையாட்டுல ரெண்டு பேரும் பிரிஞ்சு தள்ளி நிக்கறாங்கல்ல, அதோட ஆட்டம் முடிஞ்சுருமுங்களா, இல்ல மறுக்கா நடக்குமுங்களா?

நடக்குமா? நல்லாத் தெரியுமா உங்களுக்கு? மறுக்கா எதுத்தாப்புல வந்து நிப்பாங்களா?

அப்பச் சரி. அப்ப ஊட்டுலதான் இருப்பா. போன்ல சார்ஜ் இல்லாம இருக்கும். அவ மறந்துருவா, எப்பவும் அப்பிடித்தான். நாந்தான் சும்மா பயந்துட்டேன்.

சூலூர் வந்துருச்சாட்ட இருக்குது. எறங்கறேனுங்க. இல்ல, ஒரு நிமிசம். இதையும் பாருங்க. மத்தியானம் சோத்துப் போசிய வெளிய எடுத்தா, மூடிக்கு மேல துணியில முடிஞ்சு இது இருந்துச்சு. ஊட்டுச் சாவி. இருக்கறதே ஒரு சாவிதான், அவ இடுப்புலதான் எப்பவும் இருக்கும். நான் போறப்ப அவ தொறந்து உடுவா, வர்றப்பத் தொறந்து உடுவா. எதுக்கு இதை எனக்கு வெச்சான்னு தெரீலீங்க. இருபத்திரண்டு வருசத்துல அந்தப் பூட்டை நான் ஒருக்காக்கூடத் தொறந்ததில்ல. எந்தப் பக்கம் திருப்போணும்னுகூட எனக்குத் தெரியாது தம்பி.